சூடு தாங்கும் பை

பரமத்தி வேலூர்ப் பக்கம் வாழைக்குப் பஞ்சமில்லை. காவிரியும் ராஜவாய்க்காலும் பாயும் இவ்வட்டாரத்தில் பூவன், ரஸ்தாளி, கற்பூரவள்ளி, மொந்தன் என்று பலவகை வாழைகள் பயிராகின்றன. ஆகவே இங்குள்ள மாணவர்களுக்கு வாழை இலையைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியது அதிகமில்லை. ஆனால் ஒரு கேள்வி கேட்கலாம்.

பரோட்டாவைச் சால்னாவுடன் சேர்த்து, வாட்டிய வாழை இலையில் மடித்து, நாரால் கட்டி, காய்ந்த தோசைக்கல்லின் மேல் வைக்கிறார்கள். கல்லின் வெப்பநிலை 200 டிகிரி செல்சியஸை எட்டக்கூடும். சில நிமிடங்கள் கழித்துப் பிரித்தால் இலையின் வெளிப்புறம் அங்கங்கே கருகியிருக்கும். உட்புறமோ பச்சை மாறி வெந்திருக்குமே தவிர எரிந்திருக்காது. பரோட்டா மெத்தென்று ஆவி பறக்க வெளிவரும். இவ்வளவு மெல்லிய இலை அவ்வளவு சூட்டை எப்படித் தாங்கிற்று?

இப்போது கடைகளில் வேறொரு உறையும் கிடைக்கிறது. அதன் பெயர் டோஸ்டர் பை. பார்வைக்குப் பழுப்பு நிறத் துணிப்பை போலவும், தொட்டால் வழுவழுப்பான மெழுகுத்தாள் போலவும் இருக்கும். இரண்டு ரொட்டித் துண்டுகளுக்கு நடுவே பாலாடைக்கட்டியோ காய்கறியோ வைத்து, இப்பைக்குள் செருகி, பையோடு டோஸ்டரில் இறக்கிவிடலாம். ரொட்டி பொன்னிறமாகும், உருகிய பாலாடைக்கட்டி டோஸ்டருக்குள் சிந்தாது, பையிலும் ஒட்டாது. கழுவித் துடைத்து மறுநாளும் பயன்படுத்தலாம்.

இலையும் உறைதான், பையும் உறைதான். ஆனால் இலையில் வைத்த பண்டம் அவிகிறது. பையில் வைத்த பண்டம் வறுபடுகிறது. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் என்ன? இவ்விரண்டு உறைகளும் சூட்டைத் தாங்கும் முறை ஒன்றல்ல என்பதுதான் விடை. சற்று விரிவாகப் பார்ப்போம்.

டோஸ்டருக்குள் நடப்பது

வெப்பம் பரவும் வழிகள் மூன்று என்று பாடத்தில் படித்திருப்பீர்கள்: கடத்தல், சலனம், கதிர்வீசல். தோசைக்கல் முக்கியமாகக் கடத்தலால் சூடேற்றுகிறது. டோஸ்டரோ முக்கியமாகக் கதிர்வீசலால் சூடேற்றுகிறது.

டோஸ்டருக்குள் எட்டிப் பார்த்தால் செந்நிறமாக ஒளிரும் கம்பிகள் தெரியும். இவை நிக்கலும் குரோமியமும் கலந்த நைக்ரோம் என்னும் உலோகக் கலவையால் ஆனவை. அமெரிக்கரான ஆல்பர்ட் மார்ஷ் 1906-ஆம் ஆண்டில் இக்கலவைக்குக் காப்புரிமை பெற்றார். இரும்புக் கம்பியைச் செஞ்சூடாக்கினால் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து விரைவில் அரிந்து போகும். நைக்ரோம் கம்பியின் மேல் குரோமியம் ஆக்சைடு மெல்லிய போர்வையாகப் படர்ந்து அதைக் காக்கிறது. ஆகவே 600 டிகிரிக்கு மேல் சூடாகி ஒளிர்ந்தாலும் பல ஆண்டுகள் உழைக்கிறது. கம்பியிலிருந்து கிளம்பும் அகச்சிவப்புக் கதிர்கள் ரொட்டியின் மேல் விழுந்து வெப்பமாகின்றன.

ரொட்டியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நீர். மேற்பரப்பிலுள்ள நீர் ஆவியாகும் வரை அப்பரப்பு 100 டிகிரியை அவ்வளவாகத் தாண்டாது. நீர் வற்றிய பிறகுதான் வெப்பநிலை ஏறும். சுமார் 140 டிகிரியை எட்டும்போது புரதத்தின் கூறுகளான அமினோ அமிலங்களும் சர்க்கரைகளும் விரைவாக வினைபுரிந்து, பழுப்பு நிறத்தையும் வறுத்த மணத்தையும் உண்டாக்குகின்றன. இவ்வினையை 1912-இல் விளக்கிய பிரெஞ்சு அறிஞர் மெய்யார்டின் பெயரால் இது மெய்யார்டு வினை எனப்படுகிறது. தோசையின் முறுகலும் பரோட்டாவின் செம்பழுப்பும் இவ்வினையின் கைவண்ணமே. இட்லி ஏன் சிவப்பதில்லை என்று இப்போது புரிகிறதல்லவா? இட்லிப் பானையின் ஆவி 100 டிகிரியோடு நின்றுவிடுகிறது.

நீரே காவலன்

வாழை இலையின் ரகசியமும் இந்த 100 டிகிரியில்தான் இருக்கிறது. பச்சை இலையின் எடையில் பெரும்பகுதி நீர். 1 கிராம் நீரின் வெப்பநிலையை 1 டிகிரி உயர்த்த 4.2 ஜூல் போதும். ஆனால் கொதிநிலையிலுள்ள அதே 1 கிராம் நீரை ஆவியாக்க ஏறத்தாழ 2,260 ஜூல் தேவை. இதுதான் ஆவியாதலின் உள்ளுறை வெப்பம்.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். இலையிலிருந்தும் உள்ளிருக்கும் சால்னாவிலிருந்தும் 3 கிராம் நீர் ஆவியாவதாகக் கொள்வோம். அதை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுவர 3 × 4.2 × 70 = 882 ஜூல் வேண்டும். ஆவியாக்கவோ 3 × 2,260 = 6,780 ஜூல் வேண்டும். அதாவது ஏழு மடங்குக்கும் மேல். கல் கொடுக்கும் வெப்பத்தை நீரே வாங்கிக்கொண்டு ஆவியாய் வெளியேறுகிறது. இலையில் ஈரம் இருக்கும் வரை அதன் வெப்பநிலை 100 டிகிரியை ஒட்டியே நிற்கிறது. ஈரம் வற்றிய இடம் மட்டும் கருகுகிறது.

இதனால்தான் இலைக்குள் இருக்கும் பண்டம் அவிகிறது. பூவரச இலையில் வைத்த கொழுக்கட்டையும், பனையோலையில் வைத்த கொழுக்கட்டையும் இப்படித்தான். இலை தன் நீரைச் செலவிட்டுத் தன்னையும் பண்டத்தையும் காக்கிறது. ஆனால் அச்செல்வம் ஒரு முறைக்குத்தான் போதும். காய்ந்த சருகை அடுப்பில் வைத்தால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லத் தேவையில்லை.

டோஸ்டர் பையில் நீர் இல்லை. அது 100 டிகிரியில் நிற்க வேண்டிய கட்டாயமும் இல்லை. ரொட்டியின் மேற்பரப்பு 150 டிகிரியை எட்டினால் பையும் அதற்கு மேலான வெப்பநிலையை எட்டித்தான் ஆக வேண்டும். அப்படியானால் அதைக் காப்பது எது?

வாயு எங்கே போயிற்று?

இதற்கு விடை காண 1938-ஆம் ஆண்டுக்குச் செல்ல வேண்டும். அமெரிக்காவில் டூபான்ட் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் ராய் பிளங்கெட் என்ற 27 வயது வேதியியலார், குளிர்சாதனப் பெட்டிக்கான புதிய வாயுக்களைத் தேடிக்கொண்டிருந்தார். அதற்காக டெட்ராஃபுளூரோஎதிலீன் என்னும் வாயுவை உருளைகளில் அடைத்துக் குளிர்வித்து வைத்திருந்தார். ஏப்ரல் 6-ஆம் நாள் ஓர் உருளையின் அடைப்பிதழைத் திறந்தபோது வாயு வரவில்லை. காலியாகிவிட்டதோ என்று நினைத்தால், உருளையின் எடை குறையவே இல்லை!

வாயு வெளியேறவில்லை என்பதைத் தராசு சொல்லிவிட்டது. அப்படியானால் உள்ளே அது என்னவாக இருக்கிறது? உருளையை அறுத்துப் பார்த்தார்கள். உள்ளே மெழுகு போன்ற வெள்ளைத் தூள். வாயுவின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்து நீண்ட சங்கிலிகளாகிவிட்டிருந்தன. இத்தகைய சங்கிலிச் சேர்மத்தைப் பலபடி என்கிறோம். இப்பலபடியின் முழுப்பெயர் பாலிடெட்ராஃபுளூரோஎதிலீன். 1945-இல் பதிவான டெஃப்லான் என்ற வணிகப் பெயரே நம் நாவுக்கு எளிது.

இச்சங்கிலியின் முதுகெலும்பு கார்பன் அணுக்கள். அவற்றைச் சுற்றிலும் ஃபுளூரின் அணுக்கள் நெருக்கமாகப் போர்த்தியிருக்கின்றன. கார்பனுக்கும் ஃபுளூரினுக்கும் இடையேயுள்ள பிணைப்பு, கரிம வேதியியலில் மிக வலிமையான பிணைப்புகளுள் ஒன்று. எனவே இச்சேர்மம் எளிதில் எரிவதில்லை. அமிலங்கள் பெரும்பாலானவை இதை ஒன்றும் செய்வதில்லை. ஃபுளூரின் தன் எலக்ட்ரான்களை இறுகப் பிடித்துக்கொண்டிருப்பதால், அருகில் வரும் பிற மூலக்கூறுகளோடு ஒட்டி உறவாடும் ஆர்வமும் இதற்கு மிகக் குறைவு. நீரும் எண்ணெயும் உருகிய பாலாடைக்கட்டியும் இதன் மேல் நழுவி ஓடுவது இதனால்தான்.

இது 327 டிகிரி வாக்கில் உருகும். 260 டிகிரி வரை நீண்ட நேரம் பயன்படுத்தினாலும் கெடாது. ரொட்டி சிவக்கத் தேவையான 140 டிகிரிக்கும் இந்த 260 டிகிரிக்கும் இடையேயுள்ள இடைவெளிதான் டோஸ்டர் பைக்கு வாழ்வளிக்கிறது. இலையைக் காப்பது நீர். பையைக் காப்பது வேதிப் பிணைப்பு.

ஒட்டாதது எப்படி ஒட்டிற்று?

கூர்மையான மாணவர் ஒருவர் இங்கே குறுக்கிட்டு, "எதுவுமே ஒட்டாத பொருளை எதன் மேல் எப்படிப் பூசினார்கள்?" என்று கேட்கலாம். நல்ல கேள்வி.

டோஸ்டர் பையின் உள்ளே இருப்பது கண்ணாடி இழைகளால் நெய்த துணி. கண்ணாடி எரியாது, இழையாக இழுத்தால் துணி போல வளையும். டெஃப்லானின் நுண்துகள்கள் கலந்த நீர்மத்தில் இத்துணியை நனைத்து, உலர்த்தி, டெஃப்லானின் உருகுநிலைக்கு மேல் சூடேற்றுகிறார்கள். துகள்கள் ஒன்றோடொன்று இணைந்து, நெசவின் கண்களுக்குள் புகுந்து, இழைகளைச் சுற்றி வளைத்துக்கொள்கின்றன. பசையால் ஒட்டியதல்ல இது. பந்தலில் கொடி பின்னிக்கொள்வது போன்ற பிணைப்பு.

உலோகத்தின் மேலும் முதலில் சிறு பள்ளங்களை உண்டாக்கி, அவற்றில் டெஃப்லானைப் பற்றவைக்கலாம். பிரெஞ்சுப் பொறியாளர் மார்க் கிரெகுவார் 1954-இல் இம்முறையால் ஒட்டாத வாணலி செய்தார். இன்று பல வீடுகளில் இருக்கும் நான்ஸ்டிக் தோசைக்கல் அதன் வழித்தோன்றலே. நம் பாட்டிமார் இரும்புத் தோசைக்கல்லில் எண்ணெய் தடவிக் காயவைத்து 'கல்லைப் பழக்குவது' உண்டு. சூட்டில் எண்ணெயின் மூலக்கூறுகள் பிணைந்து கருமையான வழுவழுப்புப் படலமாகின்றன. அதுவும் ஒரு பலபடிப் பூச்சுதான்!

சுவர் மெல்லியதாக இருப்பதன் பயன்

டெஃப்லான் வெப்பத்தை எளிதில் கடத்தாத பொருள். அப்படியிருக்க, பைக்குள் உள்ள ரொட்டி எப்படிச் சிவக்கிறது? பை மிக மெல்லியதாக இருப்பதே காரணம்.

பையின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு, அதாவது 0.000125 மீட்டர் எனக் கொள்வோம். அதன் வெப்பக் கடத்து திறன் சுமார் 0.25 வாட்/மீட்டர்-டிகிரி. 800 வாட் டோஸ்டரில் இரண்டு ரொட்டித் துண்டுகளின் நான்கு முகங்கள் சூடாகின்றன. ஒவ்வொரு முகமும் 10 சென்டிமீட்டர் சதுரமானால் மொத்தப் பரப்பு 0.04 சதுர மீட்டர். வெப்பம் முழுவதும் அங்கேயே சேர்ந்தாலும் சதுர மீட்டருக்கு 20,000 வாட்தான். பையின் வெளிப்பக்கத்துக்கும் உட்பக்கத்துக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாடு:

20,000 × 0.000125 ÷ 0.25 = 10 டிகிரி

பத்தே டிகிரி! ரொட்டி பையை ஒட்டியிருக்கும் இடத்தில் பையின் வெப்பநிலை ரொட்டியின் வெப்பநிலையை விட இவ்வளவுதான் கூடுதல். ரொட்டி தன் ஈரத்தால் பையையும் சேர்த்துக் குளிர்விக்கிறது. ஆனால் இடையில் காற்று நின்றால் நிலைமை மாறும். காற்று டெஃப்லானை விடவும் பத்தில் ஒரு பங்கே வெப்பத்தைக் கடத்தும். அங்கே பை தனித்து நின்று சூடேறும். ஆகவே வெறும் பையை டோஸ்டரில் வைக்கக் கூடாது. பையிலுள்ள காற்றை அழுத்தி வெளியேற்றிவிட்டு வைக்க வேண்டும். கம்பியைப் பை தொடவே கூடாது. 600 டிகிரிக் கம்பிக்கும் 260 டிகிரிப் பைக்கும் உறவு ஆகாது.

செய்து பாருங்கள்

கீழ்க்காணும் சோதனைகளைப் பெரியவர் ஒருவர் உடனிருக்கும்போது மட்டும் செய்யுங்கள். கிராம் கணக்கில் காட்டும் சிறு மின்தராசு ஒன்று இருந்தால் நல்லது.

சோதனை 1. மெழுகு பூசாத தாளை மடித்துக் கிண்ணம் செய்து, பாதியளவு நீர் ஊற்றி, இடுக்கியால் பிடித்து மெழுகுவர்த்திச் சுடரின் மேல் காட்டுங்கள். சுடர் நீர்மட்டத்துக்குக் கீழேயே படட்டும். நீர் சூடேறும், தாள் எரியாது. வாழை இலையின் கதை இதுவே.

சோதனை 2. ஒரே கட்டிலிருந்து இரண்டு ரொட்டித் துண்டுகளை எடுத்து எடை போடுங்கள். ஒன்றை அப்படியேயும், மற்றொன்றைப் பையிலும் வைத்து ஒரே நேரம் வாட்டுங்கள். மீண்டும் எடை போடுங்கள். எடை குறைந்த அளவே வெளியேறிய நீர். எதில் அதிகம் குறைந்தது? எது முதலில் சிவந்தது? பிறகு வேறொரு துண்டைப் பையில் வாட்டி, எடுக்காமல் பைக்குள்ளேயே ஐந்து நிமிடம் விட்டு வையுங்கள். வெளியேற வழியில்லாத ஆவி குளிர்ந்து நீராகி ரொட்டியை நமக்கச் செய்வதைக் காண்பீர்கள். வாட்டியதும் பையிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்பது இதிலிருந்து பெறும் பாடம்.

சோதனை 3. சேலத்துக்குப் பெயர் தேடித் தந்த தின்பண்டம் தட்டுவடை செட். இரண்டு தட்டுவடைகளுக்கு நடுவே துருவிய பீட்ரூட், காரட், வெங்காயம், சட்னி வைத்துத் தருவார்கள். இதுவும் ஒருவகைச் சாண்ட்விச்தானே? நமத்துப்போன தட்டுவடையைத் தனியாகப் பையில் வைத்துக் குறைந்த அளவில் சூடாக்கி, எடுத்து ஆறவிடுங்கள். அது உறிஞ்சியிருந்த ஈரம் வெளியேறி, ஆறியபின் மொறுமொறுப்பு திரும்பும். மற்றொரு முறை, காய்கறியை நடுவே வைத்துச் செட்டாகச் சூடாக்குங்கள். என்ன நடக்கும் என்பதை முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டுப் பிறகு சரிபாருங்கள். எந்த வரிசையில் செய்வது நல்லது என்பது தானே விளங்கும். எண்ணெய் சொட்டும் பஜ்ஜி, போண்டாக்களை இதில் சூடாக்க வேண்டாம். எண்ணெய் கம்பியில் பட்டால் தீப்பற்றும்.

சோதனை 4. கனிந்த ரஸ்தாளியை மெல்லிய வில்லைகளாக நறுக்கி, சிறிது வெல்லத்தூள் தூவி, ரொட்டிகளுக்கு நடுவே வையுங்கள். பிலிக்கல்பாளையத்து ஏலச் சந்தைக்கு வரும் வெல்லமானால் மணம் கூடும். பையிலிட்டு வாட்டுங்கள். மேல்ரொட்டி கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பின்னும், நடுவிலுள்ள பழம் நாக்கைச் சுடும். ஏன்? பழத்தில் நான்கில் மூன்று பங்கு நீர். நீர் வெப்பத்தை மிகுதியாகச் சேமித்து வைக்கும். ரொட்டியோ காற்றறைகள் நிறைந்தது. அதனிடம் சேமிப்பும் குறைவு, உள்ளிருக்கும் வெப்பத்தை அது எளிதில் வெளியே விடவும் விடாது. பொறுத்துத் தின்பதே அறிவுடைமை!

எல்லை தாண்டினால்

டோஸ்டர் பை சூட்டைத் தாங்குகிறது என்றால் எல்லாப் பையும் தாங்கும் என்று பொருளல்ல. மளிகைக் கடையில் தரும் பாலித்தீன் பையும் பலபடிதான். ஆனால் அதன் மெல்லிய வகை ஏறத்தாழ 110 டிகிரியில் உருகிவிடும். அதற்கு முன்பே இளகத் தொடங்கும். எண்ணெய்ச் சட்டியிலிருந்து எடுத்த வடையின் மேற்பரப்பு 100 டிகிரிக்கு மேலும் இருக்கலாம். கொதிக்கும் சாம்பாரோ அதன் எல்லைக்கு வெகு அருகில். சூடான உணவைப் பாலித்தீன் பையில் கட்டி வாங்குவது ஏன் கூடாது என்பதை இந்த எண்களே சொல்கின்றன. சூட்டில் நெகிழ்ந்த பையிலிருந்து, அதில் கலந்துள்ள வேதிப்பொருள்கள், குறிப்பாக எண்ணெய்ப் பண்டத்துக்குள், எளிதில் கசியும். உணவைப் பொதியும் மெல்லிய நெகிழித் தாள் உள்ளிட்ட, ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. அத்தடை குப்பையைக் கருதி வந்தது. உடல்நலமும் அதனால் பயனடைகிறது.

டெஃப்லானுக்கும் எல்லை உண்டு. 260 டிகிரியைத் தாண்டி மிகவும் சூடேறினால் அது சிதைந்து நச்சுப்புகையை வெளியிடும். கூண்டில் வளர்க்கும் கிளிகளை அப்புகை கொன்றுவிடும். மனிதருக்கும் காய்ச்சல் போன்ற தொல்லை தரும். நான்ஸ்டிக் வாணலியை வெறுமையாக அடுப்பில் ஏற்றி மறந்துவிடக் கூடாது என்பதும் இதனால்தான். முன்பு டெஃப்லான் தயாரிப்பில் துணைப்பொருளாகச் சேர்த்த பெர்ஃபுளூரோஆக்டனாயிக் அமிலம் நீரிலும் உடலிலும் அழியாமல் தங்கிவிடுவது கண்டறியப்பட்டது. 2019-இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை அதை ஒழிக்க வேண்டிய பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. ஆகவே பை வாங்கும்போது, தாங்கும் வெப்பநிலை எவ்வளவு, அந்த அமிலம் இல்லாதது என்ற உறுதி இருக்கிறதா என்று உறையின் மேல் படித்துப் பார்க்க வேண்டும். மடிப்பில் விரிசல் கண்டாலோ, கண்ணாடி இழை பிரிந்தாலோ, பையை ஒதுக்கிவிட வேண்டும். அடுப்புச் சுடரில் அதை ஒருபோதும் காட்டக் கூடாது.

டோஸ்டரைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. அதன் கம்பிகளில் 230 வோல்ட் மின்சாரம் ஓடுகிறது. சிக்கிய ரொட்டியைக் கரண்டியாலோ கத்தியாலோ நெம்பக் கூடாது. செருகியைப் பிடுங்கி, ஆறவிட்டு, பிறகே எடுக்க வேண்டும். அலுமினியத் தாள், காகிதம், பாலித்தீன், வாழை இலை ஆகிய எதையும் டோஸ்டருக்குள் வைக்கக் கூடாது. தோசைக்கல்லில் நம்மைக் காத்த இலை இங்கே ஈரம் வற்றியதும் எரிபொருளாகிவிடும்.

இவ்விரண்டு உறைகளில் எது சிறந்தது? அவிக்க வேண்டுமானால் இலை. வறுக்க வேண்டுமானால் பை. இலை ஒருமுறைதான் உதவும். ஆனால் மறுநாள் மாட்டுக்குத் தீனியாகும், அல்லது எருவாகும். பை பலமுறை உதவும். ஆனால் தேய்ந்து எறிந்தபின் மண்ணில் மக்காது. அதன் வலிமையான கார்பன்-ஃபுளூரின் பிணைப்பை அவிழ்க்க மண்ணிலுள்ள நுண்ணுயிர்களாலும் இயலாது. சூட்டைத் தாங்கவைத்த அதே குணம்தான் குப்பையாகவும் நிலைக்கவைக்கிறது. எனவே வாங்கிய ஒரு பையை நெடுநாள் பேணிப் பயன்படுத்துவதே முறை.

100, 110, 140, 260, 327: இவ்வைந்து எண்களையும் நோட்டில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இனி சூடான பண்டத்தை எதில் வைத்து யார் நீட்டினாலும், "இந்த உறை எத்தனை டிகிரி தாங்கும்? அதைக் காப்பது எது?" என்று கேட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் விடை தெரிந்த பிறகு வாங்கிச் சாப்பிடலாம்.